சுவருக்குள் போவதற்கு முன்பே போலி ஒயரைப் பிடிப்பது எப்படி

வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். ஒயரிங் வேலை வரும் நேரத்தில் கையில் காசும் குறைந்திருக்கும், பொறுமையும் தீர்ந்திருக்கும். நான் ஏமாந்தது அந்த நேரத்தில்தான். எலக்ட்ரீசியன் தனக்குத் தெரிந்த கடைக்குக் கூட்டிப்போனார். பெயர் பெற்ற கம்பெனியின் பெட்டி, அதே நிறம், அதே எழுத்து. காயிலுக்கு (ஒயர்ச் சுருளுக்கு) 500 ரூபாய் குறைவு. மொத்தம் 14 காயில் எடுத்தேன். பில் கேட்டதும் கடைக்காரர், "பில் போட்டா 18 பர்சென்ட் கூட வரும் சார்" என்றார். சரி என்று ஒரு துண்டுச் சீட்டோடு வந்துவிட்டேன்.

குடிபோன எட்டாவது மாதம், நல்ல வெயில் காலம். ஏ.சி. போட்டிருந்த அறையில் பிளாஸ்டிக் கருகும் வாடை அடித்தது. சாக்கெட்டைக் கழற்றினால் பின்பக்கம் உருகிக் கிடந்தது. வேறொரு எலக்ட்ரீசியனை வரவழைத்தோம். அவர் ஒயரைக் கொஞ்சம் உருவி, நுனியைக் கத்தியால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியிருந்தார்கள்.

அப்புறம் நான் அலைந்து கற்றதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். வீட்டு ஒயரை வைத்துச் சொன்னாலும், எண்ணைச் சரிபார்ப்பது, பில், புகார் எல்லாம் ஹெல்மெட், குக்கர், அயர்ன் பாக்ஸ் என்று ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள எதற்கும் ஏறக்குறைய இதேதான்.

தேவையானவை: இணையம் உள்ள போன், மின்தடையை அளக்க ஒரு மல்டிமீட்டர் (சாதாரணமானது 500 ரூபாய்க்குள் கிடைக்கும்), ஒரு தராசு, கத்தி, லைட்டர். எல்லாச் சோதனைகளுக்கும் சேர்த்து அரைநாள் ஒதுக்கினால் தாராளம். ஒயர் பைப்புக்குள் போவதற்கு முந்தைய அரைநாளாக அது இருக்க வேண்டும்.

1. கடைக்குப் போகும் முன் விலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

எலக்ட்ரீசியனிடம் பட்டியலை எழுதி வாங்குங்கள். எந்த அளவில் (அதாவது உள்ளே உள்ள கம்பியின் குறுக்குப் பரப்பு) எத்தனை காயில், என்ன நிறம் என்று அதில் இருக்க வேண்டும். விளக்கு, மின்விசிறிக்கு 1 அல்லது 1.5 ஸ்கொயர் எம்.எம்., சாதாரண பிளக் பாயின்ட்டுக்கு 2.5, ஏ.சி., ஹீட்டருக்கு 4 என்பது பெரும்பாலான வீடுகளில் உள்ள வழக்கம். கடைப் பேச்சில் இவை "ஒன்றரை", "இரண்டரை", "நாலு".

பிறகு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று கடைகளில் போனிலேயே விலை கேளுங்கள். பெட்டியில் அச்சடித்த எம்.ஆர்.பி.யை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒயர் வியாபாரத்தில் எம்.ஆர்.பி.யிலிருந்து பெரிய தள்ளுபடி கொடுப்பது சாதாரணம். அசல் சரக்குக்கும் கொடுப்பார்கள். ஜி.எஸ்.டி. சேர்த்துக் கையில் என்ன விலை என்று மூன்று கடைகளையும் ஒரே மாதிரி கேளுங்கள். இரண்டு கடைகளின் விலை நெருங்கி வந்து, மூன்றாவது மட்டும் காயிலுக்கு நானூறு, ஐநூறு இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 90 மீட்டர் உள்ள ஓர் இரண்டரை காயிலில் செம்பு மட்டும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோ இருக்க வேண்டும். அன்றைய செம்பு விலையால் அதைப் பெருக்குங்கள். கிலோ 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் செம்புக்கே 1,575 ரூபாய். அதன் மேல் பி.வி.சி., கம்பெனிச் செலவு, கடைக்காரர் லாபம், வரி. இத்தனையும் சேர்ந்து செம்பு விலையை ஒட்டியே ஒருவர் காயிலைக் கொடுக்கிறார் என்றால், அதற்குள் செம்பு இல்லை என்று அர்த்தம்.

2. வாங்குவது யார் என்பதை முடிவு செய்யுங்கள்

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. எலக்ட்ரீசியன்கள் எல்லோரும் ஏமாற்றுபவர்கள் இல்லை. என் வீட்டுப் பிரச்சினையைக் கண்டுபிடித்ததே ஓர் எலக்ட்ரீசியன்தான். ஆனால் சரக்கு எடுத்துக் கொடுக்கும் எலக்ட்ரீசியனுக்குக் கடை கமிஷன் கொடுப்பது ஊரறிந்த விஷயம். போலிச் சரக்கில் கடைக்கு லாபம் அதிகம், அதனால் கமிஷனும் அதிகம். கூலியைச் சரியாகப் பேசிக் கொடுத்துவிட்டு, "சாமான் நான் எடுத்துத் தருகிறேன், நீங்கள் வந்து சரிபாருங்கள்" என்று சொல்லிவிடுவது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் ஊரின் அங்கீகரிக்கப்பட்ட டீலர் பட்டியல் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள்.

சில கம்பெனிகள் எலக்ட்ரீசியனுக்கென்று பெட்டிக்குள் கூப்பனோ ஸ்கேன் செய்யும் கியூ.ஆர். குறியோ வைக்கின்றன. அது அவருக்கே போகட்டும். ஆனால் உங்கள் முன்னால் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஏற்கனவே பயன்படுத்தப்பட்டது என்று வந்தால், அந்தப் பெட்டி வேறொரு வீட்டில் பிரிக்கப்பட்டு, உள்ளே வேறு ஒயர் வைத்து மறுபடி கடைக்கு வந்திருக்கலாம்.

3. பில் இல்லாமல் ஒரு காயிலும் வாங்காதீர்கள்

எனக்கு அதிகச் செலவு வைத்தது இந்த இடம்தான். "எஸ்டிமேட்" என்று தலைப்புப் போட்ட சீட்டு பில் ஆகாது. கடையின் பெயர், முகவரி, 15 இலக்க ஜி.எஸ்.டி. எண், பில் எண், தேதி, பொருளின் பிராண்டு, அளவு, நீளம், எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்க வேண்டும். வெறுமனே "ஒயர் - 14" என்று எழுதிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். பிராண்டு பெயர் பில்லில் இல்லாவிட்டால், பிறகு போலி என்று நீங்கள் நிரூபித்தாலும் "நான் அந்த பிராண்டு என்று சொல்லி விற்கவே இல்லையே" என்பார்கள். இதை என்னிடம் அப்படியே சொன்னார்கள்.

தமிழ்நாட்டுக் கடையின் ஜி.எஸ்.டி. எண் 33 என்று தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் கடையின் பெயரும், பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரியும். கட்டணம் இல்லை, லாகின் தேவையில்லை, ஒரு நிமிட வேலை.

"பில் போட்டால் 18 சதவீதம் கூடும்" என்பதற்கு ஒரு பதில் உண்டு. எம்.ஆர்.பி. என்பதே எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்குள் எந்த விலைக்கு விற்றாலும் வரி அதற்குள்தான் வர வேண்டும். பில் போட மறுக்கும் கடைக்கு, கணக்கில் வராத சரக்கை விற்பதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் வரி ஏய்ப்பாக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்கும் வேலை நமக்கு எதற்கு, வெளியே வந்துவிடுங்கள்.

பணத்தை முடிந்தவரை யு.பி.ஐ. அல்லது கார்டில் கொடுங்கள். கடையின் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறதா என்று திரையில் பார்த்துவிட்டு அனுப்புங்கள். நான் கடைக்காரரின் சொந்த எண்ணுக்கு அனுப்பினேன். அதுவே பிறகு ஒரு தகராறானது.

4. முத்திரையை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்

ஐ.எஸ்.ஐ. முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பார்க்க வேண்டியது முத்திரையின் மேலும் கீழும் உள்ள எண்கள். மேலே, அந்தப் பொருளுக்கான இந்தியத் தர எண். பி.வி.சி. ஒயருக்கு அது ஐ.எஸ். 694. கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண். 7 அல்லது 10 இலக்கம் இருக்கும். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அது ஐ.எஸ்.ஐ. முத்திரையே இல்லை, வெறும் படம்.

போனில் பி.ஐ.எஸ். கேர் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் சொந்தச் செயலி, இலவசம். அதில் 'வெரிஃபை லைசென்ஸ் டீடெய்ல்ஸ்' என்ற இடத்தில் சி.எம்/எல் எண்ணைப் போடுங்கள். உரிமம் யாருடையது, முகவரி எது, எந்தப் பொருளுக்கு, நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். பெரும்பாலானவர்கள் "எண் இருக்கிறது" என்று பார்த்ததும் செயலியை மூடிவிடுகிறார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறோம். நான்கையும் ஒவ்வொன்றாகப் பெட்டியோடு ஒப்பிடுங்கள்:

எண் உண்மையாக இருக்கும், ஆனால் வேறு பொருளுக்கு வாங்கிய உரிமமாக இருக்கும். எண்ணும் பொருளும் சரியாக இருக்கும், ஆனால் காலாவதியாகியோ ரத்தாகியோ இருக்கும். எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் செயலி காட்டும் நிறுவனத்தின் பெயரும் ஊரும் பெட்டியில் உள்ளதோடு பொருந்தாது. இப்படி ஏதாவது ஒன்று இடித்தாலும் காயிலைத் திருப்பிக் கொடுங்கள்.

போன் சார்ஜர், அடாப்டர் போன்ற மின்னணுப் பொருள்களில் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குப் பதில் வேறொரு பி.ஐ.எஸ். பதிவுக் குறியும், ஆங்கில ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். அதைச் சரிபார்க்கவும் அதே செயலியில் தனி இடம் உண்டு. தங்க நகையின் ஹால்மார்க்கில் உள்ள ஆறு எழுத்து ஹெச்.யு.ஐ.டி. எண்ணுக்கும் அப்படியே.

பெட்டியின் மற்ற விவரங்களையும் படியுங்கள். தயாரிப்பாளரின் பெயரும் முழு முகவரியும், நீளம், தயாரித்த மாதமும் ஆண்டும், எம்.ஆர்.பி., வாடிக்கையாளர் சேவை எண் எல்லாம் சட்டப்படி இருந்தாக வேண்டும். அந்த சேவை எண்ணைப் பெட்டியிலிருந்து எடுக்காமல் கம்பெனியின் இணையதளத்திலிருந்து எடுத்து, பேட்ச் எண்ணைச் சொல்லி விசாரியுங்கள். லேபிளின் படத்தையும் அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள். தங்கள் பெயரைக் காப்பது அவர்கள் தேவை என்பதால், இந்த விஷயத்தில் கம்பெனிகள் ஓரளவு வேகமாகவே பதில் சொல்கின்றன.

அப்புறம் ஒயரின் தோலைப் பாருங்கள். கம்பெனி பெயர், அளவு, எத்தனை வோல்ட், ஐ.எஸ். 694 என்பதெல்லாம் நீளம் முழுக்கத் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கும். பல கம்பெனிகள் மீட்டர் எண்ணையும் அச்சிடுகின்றன. விரல் நகத்தால் தேய்த்தால் அழியும் அச்சு, எழுத்துப் பிழை, பெட்டியில் ஒரு பெயர், தோலில் கொஞ்சம் மாறிய இன்னொரு பெயர் என்று எது இருந்தாலும் வேண்டாம்.

சரி, இத்தனையும் பொருந்திவிட்டால் அசலா? இல்லை. கம்பெனியின் பெயர், முகவரி, உரிம எண் எல்லாவற்றையும் அப்படியே நகல் எடுத்த பெட்டியில் செயலி பச்சைக்கொடிதான் காட்டும். எனக்கு விற்ற பெட்டி அந்த ரகம். அதனால்தான் அடுத்த படி.

5. எடை, ஓம், கத்தி

மொத்தத்தையும் இறக்கும் முன் ஒரு காயிலை மட்டும் வாங்கி இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். சரியாக இருந்தால் மீதியை எடுங்கள். மீதி வந்ததும் அவற்றிலும் இரண்டு மூன்றை எடுத்துப் பாருங்கள், ஏனென்றால் முதல் காயிலை அசலாகவும் மற்றதைப் போலியாகவும் கொடுப்பவர்கள் உண்டு.

முதலில் எடை. 90 மீட்டர் காயிலில் செம்பு மட்டும் குறைந்தது ஏறக்குறைய இவ்வளவு இருக்க வேண்டும்: 1 ஸ்கொயரில் 700 கிராம், 1.5-ல் ஒரு கிலோ, 2.5-ல் ஒன்றே முக்கால் கிலோ, 4-ல் 2.8 கிலோ. இதன் மேல் பி.வி.சி. தோலின் எடை, ஒன்றரை ஒயரில் அதுவே அரைக் கிலோ அளவுக்கு வரும். ஆக, ஒன்றரை காயில் அட்டைப்பெட்டி இல்லாமல் ஒன்றரை கிலோவாவது நிற்க வேண்டும். என்னிடம் பிரிக்காமல் மிச்சமிருந்த ஒன்றரை காயிலை மளிகைக் கடைத் தராசில் வைத்தபோது ஒரு கிலோகூட வரவில்லை. செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் அலுமினியம், அதனால் தராசை ஏமாற்றுவது கஷ்டம். தோலைத் தடிமனாக்கி எடை கூட்டினால்? அதற்குத்தான் மல்டிமீட்டர்.

மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வையுங்கள். முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மலிவான மீட்டரில் 0.2, 0.3 என்று ஏதாவது காட்டும். அது மீட்டர் கம்பியின் சொந்தத் தடை, பிறகு கழிக்க வேண்டும். இப்போது காயிலின் இரண்டு நுனிகளையும் ஒரு அங்குலம் உரித்து, இறுக்கிப் பிடித்து அளவெடுங்கள். 90 மீட்டருக்கு, கழித்த பிறகு, 1 ஸ்கொயரில் 1.75 ஓமுக்கும், 1.5-ல் 1.2-க்கும், 2.5-ல் 0.72-க்கும், 4-ல் 0.45-க்கும் மேல் போகக் கூடாது. இந்த அளவுகள் 20 டிகிரி வெப்பத்துக்கானவை. நம் ஊரில் 35 டிகிரியில் அளந்தால் 5, 6 சதவீதம் கூடுவது இயல்பு, அதைப் போலி என்று நினைத்துவிடாதீர்கள். 180 மீட்டர் காயில் என்றால் எல்லா எண்களும் இரட்டிப்பு.

4 ஸ்கொயரில் எண் மிகச் சிறியது என்பதால் சாதாரண மீட்டரின் பேச்சை முழுக்க நம்ப முடியாது. ஒன்றரையிலும் ஒன்றிலும் நன்றாகவே தெரியும். முலாம் பூசிய அலுமினியத்தின் தடை செம்பைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கும். கம்பியையும் மெலிதாக்கியிருந்தால் இன்னும் கூடும். என் ஒன்றரை காயில் 2.1 காட்டியது.

ஓர் எச்சரிக்கை. தடை குறைவாகக் காட்டினால் மகிழ்ந்துவிட வேண்டாம். நீளமே குறைந்தாலும் தடை குறையும். எடையும் தடையும் சேர்ந்தே இறங்கினால், உங்களுக்கு 90 மீட்டருக்குப் பதில் 75, 80 மீட்டர் கொடுத்திருக்கிறார்கள். மீட்டர் எண் அச்சான ஒயராக இருந்தால் இரண்டு நுனிகளின் எண்களைக் கழித்துப் பார்த்தால் போதும்.

மூன்றாவது, கத்தி. நுனியில் ஓர் இழையைப் பிரித்து மேல்தோலைச் சுரண்டுங்கள். செம்பு என்றால் எவ்வளவு சுரண்டினாலும் அதே நிறம். வெள்ளி நிறம் தெரிந்தால் முடிந்தது. லைட்டர் தீயில் ஒற்றை இழையைக் காட்டினால் செம்பு சிவந்து அப்படியே நிற்கும். அலுமினியம் உருகித் தொங்கிவிடும், அல்லது அறுந்துவிழும். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, அதுவும் நடக்கிறது. ஒரு சாண் ஒயர்த் துண்டின் தோலைப் பற்றவைத்துத் தீயை விலக்குங்கள். எஃப்.ஆர். (தீ பரவவிடாதது) என்று எழுதிய ஒயர் தானாக அணைய வேண்டும். எரிந்துகொண்டே சொட்டினால் அந்த எழுத்து பொய். இதை மொட்டை மாடியில், காற்று முகத்துக்கு எதிராக அடிக்காத பக்கம் நின்று செய்யுங்கள், புகை நல்லதில்லை.

"இழையை எண்ணிப் பாருங்க சார், 22 இருந்தா ஒன்றரை" என்று கடையில் சொல்வார்கள். எண்ணிக்கையை நம்பாதீர்கள். 22 இழையையும் மெலிதாக இழுத்துவிட்டால் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும்.

இதற்கெல்லாம் மேல் சந்தேகம் இருந்தால் ஆய்வகம் உண்டு. சென்னை தரமணியில் மத்திய அரசின் தேசியச் சோதனைச் சாலை இருக்கிறது. கட்டணம் சோதனையைப் பொறுத்து மாறும், முன்கூட்டியே விலைப்புள்ளி கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று காயிலுக்காக இந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. பெரிய வீடு, அடுக்குமாடி என்றால் யோசிக்கலாம்.

6. ஆன்லைனில் வாங்கினால்

தளத்தின் பெயர் பெரிதாக இருப்பதால் சரக்கு அசலாகிவிடாது. யார் விற்கிறார் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பதைப் பாருங்கள். கம்பெனியின் சொந்தக் கடை அல்லது அவர்கள் தளத்தில் பெயர் உள்ள டீலர் என்றால் மட்டும் வாங்குங்கள். பெட்டி வந்ததும் மேலே ஒட்டிய முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி, பிரித்து, தராசில் வைக்கும் வரை வெட்டு இல்லாமல் ஒரே வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஐந்தாம் படியை முடித்துவிடுங்கள். "ஒயரிங் அடுத்த மாதம்தானே" என்று பரணில் போட்டுவைத்தால் கெடு போய்விடும். ஆன்லைன் வணிகத்துக்கான 2020 விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருடைய பெயரும் தொடர்பும் தளத்திலேயே இருக்க வேண்டும். சாட்டில் பேசும் ஊழியரோடு மட்டும் மல்லுக்கட்டி நாளைக் கழிக்காதீர்கள்.

7. வேலை முடிந்ததும் காலிப் பெட்டி

எல்லாப் பெட்டிகளின் லேபிளையும் எண் தெரியும்படி படம் எடுத்து, பில்லோடு ஒரே இடத்தில் வையுங்கள். காயிலுக்கு ஒரு முழம் வீதம் வெட்டி, எந்தக் காயில் என்று எழுதிக் கவரில் போட்டு வையுங்கள். பிறகு பெட்டிகளைக் குறுக்கே கிழித்துப் போடுங்கள். முழுப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டால், அது இன்னொருவரை ஏமாற்றத் திரும்பக் கடைக்கு வரும். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

சுவிட்ச், எம்.சி.பி. (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) போன்றவற்றிலும் போலி நிறைய. எண்ணைச் சரிபார்ப்பதும் பில்லும் அங்கேயும் அதேதான். எடை குறைந்த எம்.சி.பி.யை மட்டும் தொடவே தொடாதீர்கள்.

8. ஏற்கனவே ஏமாந்துவிட்டீர்களா

முதலில் அந்த இணைப்பின் எம்.சி.பி.யை இறக்கிவிடுங்கள். ஏ.சி., ஹீட்டர், மோட்டார் எதையும் அந்த ஒயரில் ஓட்ட வேண்டாம். பிறகு இந்த வரிசையில் போங்கள்; நான் வரிசை மாறிப் போனதில் இரண்டு மாதம் வீணானது.

முதலில் சான்று. பிரிக்காத காயில் ஒன்றாவது இருந்தால் அதைத் தொடாதீர்கள், பிரித்துச் சோதித்துப் பார்க்கும் ஆசையே வேண்டாம். வழக்கு என்று போனால் நுகர்வோர் ஆணையம் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஆய்வகம் அறிக்கை தர 45 நாள் கெடு. அதற்கான கட்டணத்தை முதலில் உங்களையே கட்டச் சொல்லலாம். முத்திரை உடையாத காயில் இருந்தால் "நீங்களே மாற்றி வைத்தீர்கள்" என்று எதிர்த்தரப்பு சொல்ல முடியாது.

இரண்டாவது, கம்பெனிக்கு எழுதுங்கள். லேபிள் படம், பேட்ச் எண், எடை, ஓம் அளவு எல்லாம் அனுப்பி, "இது உங்கள் சரக்கா" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். "எங்கள் சரக்கு இல்லை" என்று எழுத்தில் வரும் பதில்தான் உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆவணம். எனக்கு 11 நாளில் வந்தது.

மூன்றாவது, கடைக்கு எழுத்துமூலம் கேளுங்கள். வக்கீல் தேவையில்லை. என்ன வாங்கினீர்கள், என்ன கண்டுபிடித்தீர்கள், என்ன வேண்டும், எத்தனை நாளில் என்று ஒரு பக்கம். 15 நாள் கெடு கொடுத்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் சேர்ந்ததற்கான விவரத்தையும் வையுங்கள். கடைக்குப் போய்ச் சத்தம் போட்டதில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, தொண்டைதான் கட்டியது.

நான்காவது, 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்கள் புகாரைப் பதிந்து எதிர்த்தரப்புக்கு அனுப்பிப் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. பெரிய கம்பெனி, ஆன்லைன் தளம் என்றால் வேலை நடக்க வாய்ப்பு அதிகம். சின்னக் கடைகள் கண்டுகொள்ளாமலும் விடலாம். அப்போதும் புகார் எண்ணை வாங்கி வையுங்கள், பிறகு உதவும்.

ஐந்தாவது, பி.ஐ.எஸ். போலி முத்திரை பற்றிய புகாரை அதே செயலியிலேயே போடலாம். சென்னை தரமணி, கோவை, மதுரையில் அலுவலகங்கள் உள்ளன. கடையின் சரியான முகவரி, படங்கள், சரக்கு எங்கே அடுக்கியிருக்கிறார்கள் என்பது வரை எழுதுங்கள்; சோதனைக்கு வருபவர்களுக்கு அதுதான் வேண்டும். போலி முத்திரையைப் பிடிப்பது அவர்கள் வேலை, உங்கள் பணத்தைத் திருப்பி வாங்கித் தருவது அதில் வராது. புகாரைப் போட்டுவிட்டுக் கடையில் போய் மிரட்டாதீர்கள், சரக்கு ஒரே இரவில் காணாமல் போகும். நீளம் குறைந்த புகார் என்றால் தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை.

ஆறாவது, மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், கடை வேறு ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் தாக்கல் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே போடலாம், நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆய்வகச் சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று 2019 சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும் என்று எண்ணியே போங்கள். பில், பணம் கொடுத்த ஆதாரம், லேபிள் படங்கள், கம்பெனியின் பதில், கடைக்கு அனுப்பிய கடிதமும் ரசீதும், 1915 புகார் எண், ஒயரை மாற்றிய செலவுக்கான பில் ஆகியவற்றை இணைக்க வேண்டும். இந்தக் கடைசிப் பில்லைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாற்று வேலை செய்த எலக்ட்ரீசியனிடம் தேதியோடு எழுதி வாங்குங்கள்.

என்னிடம் முறையான பில் இல்லை, யு.பி.ஐ. பதிவும் துண்டுச் சீட்டும்தான். கடிதமும் கம்பெனியின் பதிலும் போன பிறகு, பிரிக்காமல் வைத்திருந்த மூன்று காயிலுக்குக் கடை பணத்தைத் திருப்பித் தந்தது. சுவருக்குள் போன பதினொன்றுக்கு, "அதை எங்களிடம்தான் வாங்கினீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்" என்று கேட்டார்கள். அதற்கு மேல் நான் போகவில்லை. ஒயரை உருவி மாற்றியதற்குக் கூலியும் சாமானும் சேர்த்து 38,000 ரூபாய் ஆனது. காயிலுக்கு 500 வீதம் முதலில் மிச்சம் பிடித்தது 7,000.